நிலக்காட்சிப் படமும் அறமும்

முன்மண்டபத்திலோ, வங்கியின் வரவேற்பறையிலோ, வைத்தியசாலை விறாந்தையிலோ தொங்கவிடுவதற்கு எவர் மனத்தையும் நோகச் செய்யாத ஒரு படத்தைத் தேடுபவரின் கை, பெரும்பாலும் நிலக்காட்சி ஒன்றிலேயே சென்று படியும். தெய்வப் படம் ஒரு சமயத்தாருக்குரியது. தலைவரின் படம் ஒரு கட்சியினருக்குரியது. ஆடையற்ற மனித உருவோ ஆபாசம் பற்றிய வாதங்களைக் கிளப்ப வல்லது. பனி மூடிய மலையும் அதன் அடியில் விரியும் நீர்நிலையும் எவருக்கும் பகையல்ல. கலையும் ஒழுக்கமும் பற்றிக் காலங்காலமாக நடைபெற்றுவரும் விவாதங்களிலே நிலக்காட்சி குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படாமைக்குக் காரணமும் இதுவே. மலை பொய் சொல்லாது என்பது பொதுவான நம்பிக்கை. அம்மலையைச் சட்டத்துள் அடக்கி விலைக்கு விற்கும் படமும் பொய் சொல்லாது என்று கொள்ளலாமா? அழகிய நிலக்காட்சி ஒன்று, தான் காட்டாது விட்டவற்றின் பொருட்டுக் குற்றமுடையதாகுமா? இக்கட்டுரை ஆராயப் புகும் வினா இதுவாகும்.

இவ்வினாவே பொருளற்றது என்று கூறுவாருமுளர். அவர்களுக்குத் துணை நிற்பவர் கான்ற். 1790 இல் வெளிவந்த தமது அழகியல் நூலில் அவர் ஓர் அரண்மனையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். அரண்மனை அழகானதா என்று கேட்கப்பட்ட ஒருவன், வெறுமனே வாய்பிளந்து பார்ப்பதற்கென ஆக்கப்பட்ட பொருள்களைத் தான் விரும்புவதில்லை எனலாம். அல்லது ரூசோவின் வழிநின்று, மக்களின் வியர்வையைத் தேவையற்ற ஆடம்பரத்திற் செலவிடும் பெரியோரின் வீண்பெருமையைக் கண்டிக்கலாம். இவை அனைத்தையும் ஏற்றுக்கொள்ளத் தடையில்லை, ஆயின் கேட்கப்பட்ட வினா இதுவன்று என்பது கான்றின் நிலைப்பாடு. அழகு பற்றிய தீர்ப்பு, பொருளைக் காணும்போது பயன் கருதாது எழும் இன்பத்தை மட்டுமே பற்றியது. வியர்வை வேறு வழக்கு, வேறு நீதிமன்றம்.

இப்பாகுபாடு தெளிவானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், சுவரில் தொங்கும் படம் வெறும் காட்சியன்று. ஒருவர் அதனை ஆக்கினார், ஒருவர் விற்றார், ஒருவர் வாங்கினார், பலர் அதைப் பார்த்து ஓர் இடத்தைப் பற்றி ஏதோ ஒன்றை நம்பினர். அழகு பற்றிய தீர்ப்பு முடிந்த பின்னரும் அந்நம்பிக்கை எஞ்சி நிற்கிறது. அறவியல் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுவே.

நிலக்காட்சிப் புகைப்படத்தை வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டுவந்தோருள் முதன்மையானவர் அமெரிக்கரான அன்சல் அடம்ஸ் (1902-1984). கலிபோர்னியாவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கையும் சியரா நெவாடா மலைத்தொடரையும் அவர் கறுப்பு வெள்ளையில் படமாக்கினார். 1941 இல் நியூ மெக்சிக்கோவின் ஹேர்ணாண்டஸ் என்னும் கிராமத்தின் மேல் நிலவு எழுவதை அவர் எடுத்த படத்திலிருந்து, தம் வாழ்நாளில் 1300 க்கும் மேற்பட்ட பிரதிகளை உருவாக்கினார். அவற்றுள் ஒன்று 2006 இல் ஏலத்தில் ஆறு இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதனை வாங்க இயலாதோருக்குச் சுவரொட்டியும் கலண்டரும் இருந்தன. இன்று கணினியின் துணைகொண்டு எந்த அளவிலும் துணியிலோ கடதாசியிலோ அச்சிட்டு விற்கப்படும் மலைக்காட்சிகளுட் பல, அறிந்தோ அறியாமலோ, அவர் வகுத்த பாணியையே பின்பற்றுகின்றன.

அடம்ஸின் படங்கள் கண்ணிற் பட்டதை அப்படியே பதித்தவையல்ல. 1927 இல் ஹாவ் டோம் என்னும் பாறை முகட்டை எடுத்தபோது, எஞ்சியிருந்த கடைசித் தகட்டில் செந்நிற வடிகட்டியை இட்டு, வானத்தைக் கருமையாக்கினார். அன்று அங்கே வானம் கறுத்திருக்கவில்லை. பாறையின் முன் நின்றபோது உள்ளத்தில் தோன்றியதையே படமாக்க விரும்பியதாக அவர் விளக்கினார். இதனைப் பொய்யெனச் சாடுவது சிறுபிள்ளைத்தனம். தலைவியின் கண்ணைக் குவளையென்ற புலவனை எவரும் பொய்ச்சாட்சி என்பதில்லை. நிறமும் ஒளியும் கலைஞனின் சொற்கள். அவற்றைத் தெரிவு செய்ய அவனுக்கு உரிமையுண்டு. அவ்வாறே எதனைச் சட்டத்துள் அடக்குவது, எதனை வெளியே விடுவது என்பதும் அவன் உரிமையே. விலக்காத படம் என்று ஒன்றில்லை. ஆகவே விலக்குதலையே குற்றமாகக் கொண்டால் உலகிலுள்ள படங்கள் யாவும் குற்றமுடையனவாகிவிடும். யாவும் குற்றமாயின் குற்றம் என்னும் சொல்லுக்கே பொருளில்லாது போகும்.

வழக்கு இவ்வளவோடு முடிந்துவிடவில்லை. 1944 ஆம் ஆண்டுக்குரியதாகக் குறிக்கப்படும் அடம்ஸின் மற்றொரு படம், லோன் பைன் என்னும் சிற்றூரிலிருந்து சியரா நெவாடாவின் பனிக்காலச் சூரியோதயத்தைக் காட்டுவது. மேலே வெயில் பட்ட வெண்சிகரங்கள். நடுவே கருநிழற் குன்றுகள். அடியிலே ஒளி விழுந்த ஒரு புல்வெளித் துண்டு. அதில் மேயும் ஒரு குதிரை. நான்கு விடியல்களில் முயன்று தோற்று, ஐந்தாம் நாளில் அவர் இப்படத்தைப் பெற்றார். பின்புறத்தைக் காட்டி மேய்ந்துகொண்டிருந்த குதிரை பக்கவாட்டில் திரும்பும்வரை குளிரில் காத்திருந்தார். ஆனால் அக்குன்றின் சரிவிலே வேறொன்றும் இருந்தது. ஊர் உயர்பாடசாலை மாணவர்கள் தம் ஊர்ப்பெயரின் இரு முதலெழுத்துக்களைச் சுண்ணாம்பினால் பெரிதாகத் தீட்டியிருந்தனர். அடம்ஸ் அவற்றை நெகற்றிவில் இயன்றவரை அழித்தார். எஞ்சிய தடயத்தை ஒவ்வொரு பிரதியிலும் தூரிகையால் மறைத்தார். இதனை அவர் ஒளித்தாரல்லர். 1983 இல் வெளியிட்ட நூலில், சிலர் தம்மைக் குறைகூறியதையும் குறிப்பிட்டு, அவ்வடுவை நிலைபெறச் செய்யும் அளவுக்குத் தாம் தூய்மைவாதியல்லர் எனத் தாமே எழுதினார்.

மேயும் குதிரைக்காகக் காத்திருந்த கலைஞர், எழுத்தைத் தீட்டிய மாணவர்களின் தடயத்தைத் துடைத்தெறிந்தார். குதிரை இயற்கை, மாணவர் வடு. சுண்ணாம்பு எழுத்து அழகற்றது என்பதை ஒப்புக்கொள்வதில் யாருக்கும் தடையிராது. எனினும், அம்மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஐந்து விடியல்கள் வந்து நின்ற ஒருவருக்கு உள்ளதைவிட அம்மலைமீது உரிமை குறைவா என்னும் ஐயம் எழாமலில்லை.

அடம்ஸ் அந்நாட்களில் லோன் பைன் பக்கம் வந்ததற்குக் காரணம் மலையன்று. அதற்கு வடக்கே சில மைல் தொலைவில் மன்சனார் என்னும் இடம் உண்டு. ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டத்தைக் குறிக்கும் பெயர் அது. 1913 இல் திறக்கப்பட்ட நீண்ட கால்வாய் அப்பள்ளத்தாக்கின் நீரை லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டுசென்றது. காலப்போக்கில் தோட்டங்கள் கைவிடப்பட்டன. 1942 பெப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் பிறப்பித்த ஆணையின்படி மேற்குக் கரையோரத்திலிருந்த ஒரு இலட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர் குடிபெயர்க்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பான்மையோர் அந்நாட்டிற் பிறந்த குடிமக்கள். அவர்களை அடைத்துவைத்த பத்து முகாம்களுள் ஒன்று மன்சனார். பத்தாயிரம் பேர்வரை அங்கே முட்கம்பிக்குள் வாழ்ந்தனர். முகாமின் பணிப்பாளர் அடம்ஸின் நண்பர். அவரின் அழைப்பின்பேரில் 1943 முதல் அடம்ஸ் அங்கு சென்று, தாதியரையும் விவசாயிகளையும் மாணவரையும் படமெடுத்தார். அப்படங்கள் 1944 இல் நூலாக வந்தன. போர்க்காலத்தில், எதிரியின் இனத்தார் எனத் தூற்றப்பட்டோர் சுதந்திரராகவும் சமமானவராகவும் பிறந்தவரே என்று ஒரு வெள்ளை அமெரிக்கர் வெளிப்படையாகக் கூறியமை சிறு துணிவன்று. பிற்காலத்தில் அவர் அப்படங்களை விலையின்றி அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்கு அளித்தார்.

அதே காலத்தில், அதே இடத்தில், அதே கமராவின் முன்னே மற்றொன்றும் இருந்தது. முகாமுக்கு மேற்கே பாறைகள் சிதறிய வெளியும், அதற்கப்பால் புயல்மேகத்தினூடே ஒளிக்கற்றை பாயும் வில்லியம்சன் மலையும். அப்படத்தில் கூடாரமில்லை, கம்பியில்லை, மனிதரில்லை. ஆதிகாலத்து உலகம் போன்ற தோற்றம். பத்தாயிரம் பேர் அடைபட்டுக் கிடந்த இடம் கமராவுக்கு அண்மையில் இருந்ததென்பதை அது காட்டிக் கொடுப்பதில்லை. முகங்கள் நூலகத்தின் பேழைகளுக்குச் சென்றன. மலை சுவர்களுக்குச் சென்றது.

இதன் பொருட்டு அடம்ஸைக் குற்றவாளியாக்குவது நியாயமாகுமா? ஆகாது என்றே கூறவேண்டும். மக்களைப் படமெடுக்க அவர் மறுக்கவில்லை. அம்மலை முகாமில் இருந்தோருக்கு ஆறுதலும் உரமும் அளித்ததென அவர் நம்பினார். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, அப்படத்தின் தலைப்பிலே மன்சனார் என்ற பெயரை அவர் விட்டுவைத்தமை: வில்லியம்சன் மலை, மன்சனாரிலிருந்து. உண்மை அச்சொல்லிலே இருந்தது. வெட்டப்பட்டது பின்னரேயாகும். படத்தை வாங்குபவர் தலைப்பை வாங்குவதில்லை. சட்டத்தின் கீழே சொல் நிற்பதில்லை. நின்றாலும் அது ஏதோ ஓர் ஊரின் பெயராகவே படிக்கப்படும். படம் மௌனம் சாதிக்கிறது. சுவர் அம்மௌனத்தைப் பொய்யாக மாற்றுகிறது எனலாம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நிலக்காட்சியைக் கண்டிப்போரும் பாராட்டுவோரும் ஒருங்கே மறந்துவிடுகின்றனர்.

யொசெமிற்றியின் கதை இதனிலும் பாரமானது. 1851 இல் ஆயுதந் தாங்கிய படையொன்று அப்பள்ளத்தாக்கினுட் புகுந்து, அங்கு வாழ்ந்த அவானீச்சி மக்களை வெளியேற்ற முனைந்தது. அவர்களுடைய உணவுக் களஞ்சியங்களைத் தீயிட்டது. பத்தாண்டுகளின் பின், 1861 இல், கார்ள்ற்றன் வொற்கின்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் பெருங் கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிச் சென்று அதே பள்ளத்தாக்கைப் படமாக்கினார். அப்படங்கள் நியூயோர்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டு வியப்பை விளைத்தன. 1864 இல் லிங்கன் கையொப்பமிட்ட சட்டம் அப்பள்ளத்தாக்கை மக்களின் பொழுதுபோக்குக்கென ஒதுக்கியது; அச்சட்டம் நிறைவேற வொற்கின்ஸின் படங்களும் துணைபுரிந்தன என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. (அவர் அதனாற் செல்வந்தரானாரல்லர். கடனில் தம் நெகற்றிவ்களை இழந்து, எஞ்சியவற்றை 1906 பூகம்பத்தில் இழந்து, 1916 இல் மனநோயாளர் வைத்தியசாலையொன்றில் இறந்தார்.)

இப்படங்களைக் கண்டவர்கள், மனிதக் கை படாத நிலமொன்றைக் காண்பதாக நம்பினர். உண்மையில், பள்ளத்தாக்கின் அகன்ற புல்வெளிகளும் கருவாலி மரத் தோப்புகளும் தாமாகவே அவ்வாறு அமைந்தவையல்ல. அவானீச்சியர் பருவந்தோறும் திட்டமிட்டுத் தீயிட்டுப் புதரை அகற்றியதன் பயனே அத்திறந்த வெளி. அவர்களும் அவர்களின் தீயும் அகற்றப்பட்ட பின்னர் ஊசியிலை மரங்கள் புல்வெளிகளுட் புகுந்தன. போற்றப்பட்ட காட்சியே மறையத் தொடங்கியது. ஆக, இங்கே படம் மனிதரை விட்டுவிட்டது என்று மட்டும் கூறுவது போதாது. மனிதரின் உழைப்பைக் காட்டி, அதற்கு இயற்கை எனப் பெயரிட்டது. தொழிலாளி செய்த நாற்காலியைக் காட்டி இது காட்டில் விளைந்தது என்பதற்கொப்பானது அது. மக்கள் இல்லாத இடம் என நம்பப்பட்ட இடத்தில் மக்கள் வாழ்வது அத்துமீறலாகத் தோன்றுவது இயல்பே. பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த அவர்களின் இறுதிக் குடியிருப்பு 1969 இல் அழிக்கப்பட்டது.

இதற்கு எதிர்வாதம் வலுவானது. படங்கள் இல்லையேல் அப்பள்ளத்தாக்கை மரவியாபாரிகளும் சுரங்கக் கொம்பனிகளும் தின்று தீர்த்திருக்கும். அடம்ஸின் 1938 ஆம் ஆண்டுப் படநூல் ஜனாதிபதியின் கைவரை சென்று, 1940 இல் கிங்ஸ் கன்யன் தேசியப் பூங்கா உருவாக உதவியது. நிலத்தைக் காத்த படத்தை, அது மக்களைக் காட்டவில்லை என்பதற்காக வெறுக்கலாமா? விளைவை மட்டும் வைத்து அறத்தைத் தீர்மானிப்போர் இங்கே ஒரு தராசைத் தூக்கிப் பிடிப்பர்: ஒருபுறம் காடு, மறுபுறம் ஒரு சிறு இனத்தாரின் குடியிருப்பு. இத்தராசே பிழையானது. ஏனெனில், காட்டைக் காப்பதற்கு அம்மக்கள் இல்லை என்று நம்புவது அவசியமாக இருக்கவில்லை. இருவரையும் காட்டிய படமும் நிலத்தைக் காத்திருக்கக்கூடும். அதனை எவரும் முயன்று பார்க்கவில்லை என்பதே உண்மை.

தமிழ் மாணவன் இங்கே திணைக் கோட்பாட்டை நினைவுகூர்வது இயல்பு. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் பறையும் தொழிலும் கருப்பொருள். மனித ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றும் சேர்ந்தாலன்றித் திணை இல்லை. வெறும் மலை குறிஞ்சியாவதில்லை. இதனைக் காட்டி, மேல்நாட்டார் மனிதரற்ற இயற்கையைக் கண்டனர், நம் முன்னோரோ மனிதரோடு கூடிய நிலத்தைக் கண்டனர் என்று பெருமை கொள்வோர் பலர். பெருமைக்கு இடமுண்டு. ஆனால், அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாகார், அதற்குப் புறம்பான கைக்கிளை பெருந்திணைகளுக்கே உரியர் என்று அதே தொல்காப்பியத்துக்கு உரையாசிரியர்கள் பொருள் கண்டதையும் உடன் நினைவுகூர்தல் வேண்டும். நிலத்தில் மனிதர் இருந்தனர். அந்நிலத்தைக் கொத்தியவர்கள் காதலுக்குரியோராக அங்கே நிற்கவில்லை. மனிதரைச் சேர்த்துக்கொள்வது மட்டுமே அறமாகிவிடாது என்பதற்கு நம் இலக்கணமே சான்று.

இலங்கையின் மலையகக் காட்சிகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவென் ஆகியோரின் நிலையங்களும், 1890 இல் தொடங்கப்பட்ட பிளாற்றே நிறுவனமும் தோட்டக் காட்சிகளைப் படமாக்கித் துரைமாருக்கும் கப்பற் பயணிகளுக்கும் விற்றன. இன்றும் ஹோட்டல் சுவர்களில் தேயிலைச் சரிவுகள் பச்சைக் கம்பளமாக விரிகின்றன. யொசெமிற்றியைப் போலன்றி, இங்கே மனிதர் விலக்கப்படவில்லை. சரிவின் நடுவே தலையிற் கயிறு தாங்கிய கூடையோடு ஒரு பெண் நிற்பாள். அவளின்றிப் படம் விலைபோகாது. ஆனால் அவளுக்குப் பெயரில்லை. பழைய அஞ்சலட்டைகள் அவளைக் கூலிப் பெண் என்றன. இன்றைய படங்கள் புன்னகை என்கின்றன. பச்சை நிறத்துக்கு எதிர்நிறமாகச் சேலையின் சிவப்பு வேண்டியிருப்பதால் அவள் அங்கே நிற்கிறாள்.

இப்படங்களும் இயற்கைக் காட்சி என்னும் பெயரிலேயே விற்கப்படுகின்றன என்பது சிந்திக்கற்பாலது. தேயிலைச் சரிவு இயற்கையன்று. கோப்பிக்கும் தேயிலைக்குமாகக் காடழிக்கப்பட்ட நிலம் அது. வளரவிட்டால் மரமாகும் தேயிலையைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தியிருக்கிறார்கள். பார்ப்பவர் வியக்கும் அந்தச் சமமான மேற்பரப்பு, ஏழெட்டு நாட்களுக்கொருமுறை கொழுந்து கிள்ளும் விரல்களால் ஆனது. கம்பளம் என்ற உவமை இங்கே தற்செயலாக உண்மையைச் சொல்லிவிடுகிறது. கம்பளத்தை யாரோ நெய்திருக்கவேண்டும். நெய்தவர்களுட் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர். 1964 இல் இரு பிரதமர்கள் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகளிலும் அவர்களின் உருவம் நாட்டின் அழகுக்கு அடையாளமாக உலகெங்கும் சென்றுகொண்டே இருந்தது. நாட்டுக்குரியவராக ஏற்கப்படாதவர், நாட்டின் படத்துக்கு மட்டும் உரியவராயினர். யொசெமிற்றியில் மனிதர் இல்லாமை பொய்யாயிற்று. இங்கே மனிதர் இருத்தலே பொய்க்குத் துணையாயிற்று.

இவ்வளவும் கூறிய பின், நோயாளி ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் நன்று. 1984 இல் றொஜர் உல்றிச் என்ற ஆய்வாளர், சத்திரசிகிச்சைக்குட்பட்டோருள் யன்னலூடாக மரங்களைக் கண்டவர்கள் செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவாக வீடு திரும்பினர் என்று காட்டினார். மரம் நோய்க்கு மருந்தாகுமாயின் மரத்தின் படமும் ஓரளவு ஆகலாம் என்ற நம்பிக்கையிலேயே வைத்தியசாலைகள் இன்று காட்சிப்படங்களைத் தொங்கவிடுகின்றன. வலியோடு கிடப்பவரிடம் சென்று, அம்மலையில் யார் அடைபட்டிருந்தனர் தெரியுமா என்று வினவுவது அறமன்று, கொடுமை. லயன் அறைகளின் சுவரிலும் கலண்டர்ப் படமாக ஏதோ ஒரு நாட்டின் பனிமலை தொங்குவதுண்டு. நாள் முழுதும் சரிவில் நின்று திரும்பிய பெண் அதனைப் பார்த்து மனம் ஆறுவாளாயின், அப்பனிமலையின் அடியில் உழைப்பவர் யாரென அவள் அறிந்திருக்க வேண்டுமெனக் கோரும் உரிமை எவருக்கும் இல்லை. அவள் நிற்கும் சரிவு பிறிதொருவரின் சுவரில் தொங்குகிறது என்பதும் அவள் அறியாததே.

எனவே பொறுப்பு பார்ப்பவர் எல்லோருக்கும் சமமாக உரியதன்று. ஆறுதல் தேடுபவருக்கு அது குறைவு. படத்தைக் கொண்டு ஓர் இடத்தை விற்பவருக்கு, சட்டம் இயற்றுபவருக்கு, சுற்றுலா விளம்பரம் செய்பவருக்கு, கலை வரலாறு கற்பிப்பவருக்கு அது மிகுதி. அவர்களுக்கு அறியும் வாய்ப்பு உண்டு. தலைப்பை வெட்டுவதும் விடுவதும் அவர்கள் கையிலேயே உள்ளது. பல்கலைக்கழக மண்டபங்களில் தேயிலைச் சரிவுப் படத்தைத் தொங்கவிட்டு, அதன் கீழே காட்சி என்ற ஒரு சொல்லோடு அமைவோரும் இப்பட்டியலில் அடங்குவர்.

மன்சனார் முகாமில் டொயோ மியாற்றகே என்ற புகைப்படக் கலைஞரும் அடைபட்டிருந்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சொந்தமாக நிலையம் நடத்தியவர் அவர். கைதிகள் கமரா வைத்திருக்கத் தடை இருந்தபடியால் ஒரு வில்லையை மறைத்துக் கொண்டுவந்து, முகாமிலிருந்த தச்சர் ஒருவரின் உதவியோடு மரப்பெட்டியாலான கமராவைச் செய்தார். பார்ப்பவருக்கு அது சாப்பாட்டுப் பெட்டி போலத் தோன்றியது. பின்னர் முகாமின் புகைப்படக்காரராகவே அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார். அவர் எடுத்த படமொன்றில் மூன்று சிறுவர்கள் முட்கம்பியருகே நிற்கின்றனர். ஒருவன் கம்பியைப் பற்றியிருக்கிறான். ஒருபுறத்தே காவற்கோபுரம். அடம்ஸ் எடுத்த அதே மலைத்தொடர் பின்னால், சிறியதாக, ஒளி குன்றித் தெரிகிறது. முன்மண்டபத்தில் தொங்கவிடுவதற்கு அப்படத்தை எவரும் கேட்டு வாங்குவதில்லை.